கழுத்து வலிக்கு மேனுவல் தெரபி: ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் அது எப்படிப் பாதிக்கிறது?

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 64. பத்தாண்டுகளுக்கும் மேலாக ரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிட்டுவருகிறார், சர்க்கரையும் உண்டு. சில மாதங்களாகப் பிடரியில் தொடங்கி வலது தோள்பட்டை வரை இழுத்துப் பிடிக்கும் வலி அவரைப் படாதபாடு படுத்துகிறது. எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர், வயதுக்கு உரிய தேய்மானம்தான், பிசியோதெரபி எடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

நாங்கள் சென்ற இடத்தில், கழுத்து மூட்டுகளைக் கையால் அழுத்தியும் நகர்த்தியும் செய்யும் மேனுவல் தெரபியைத் தொடங்கியிருக்கிறார்கள். வலி ஓரளவு குறைந்திருப்பது உண்மை. ஆனால் முதல் நாள், குப்புறப் படுத்திருந்தவர் சிகிச்சை முடிந்து எழுந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததால், கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டார். அதைப் பற்றிக் கேட்டபோது, கழுத்து நரம்புகளுக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்கிறது, கழுத்து சரியானால் பிரஷரும் இறங்கும், போகப்போக மாத்திரையைக்கூட நிறுத்திவிடலாம் என்று அங்கே சொன்னார்கள். வீட்டிலோ என் மாமா, கழுத்தில் கை வைத்தால் பக்கவாதம் வரும், உடனே நிறுத்து என்கிறார். இரண்டில் எதை நம்புவது? இந்தச் சிகிச்சை இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் உண்மையில் என்ன செய்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: இயன்முறை மருத்துவர், கோவை

வணக்கம் அம்மா. முதலில், மாத்திரையை நிறுத்தும் பேச்சை இப்போதே விட்டுவிடுங்கள். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் உங்கள் அம்மாவுக்கு அதை எழுதிக் கொடுத்த மருத்துவர் மட்டுமே.

மேனுவல் தெரபி என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு செயல்கள் அடங்கியுள்ளன. தசைகளை நீவித் தளர்த்துவது ஒன்று. மூட்டை அதன் இயல்பான எல்லைக்குள் மெதுவாக, திரும்பத் திரும்ப அசைப்பது மற்றொன்று. கழுத்தைத் திருப்பி, கடைசி எல்லையில் சட்டென்று ஒரு வெட்டு வெட்டி 'சடக்' என்ற ஓசை வரச் செய்வது இன்னொன்று. இவற்றின் விளைவுகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. நீவும்போதும் அதன்பின் ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் பொதுவாக நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றுத் தணிகின்றன. மூட்டை அசைக்கும்போது இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். 1998-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள், நலமாக இருந்தவர்களின் கழுத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தபோது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு வேகம் ஆகிய அனைத்துமே சிறிது ஏறின. வலியைத் தணிக்கும் நரம்பு வழிகளும் உடலை விழிப்பூட்டும் சிம்பதெடிக் நரம்புகளும் மூளைத்தண்டில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் இது நேர்கிறது என்பது பொதுவான விளக்கம். ஏற்றமோ இறக்கமோ, பெரும்பாலும் சிகிச்சை நேரத்தோடு வந்துபோகிற சிறு மாற்றம்தான்.

கழுத்து சரியானால் பிரஷர் இறங்கும் என்று உங்களிடம் சொன்னவர்கள் சிகாகோவில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வை மனத்தில் வைத்திருக்கலாம். முதல் கழுத்தெலும்பைச் சீரமைத்துக்கொண்ட நோயாளிகளுக்கு 8 வாரங்களில் மேல் அளவு சராசரியாக 17 புள்ளி குறைந்தது என்றும், போலிச் சிகிச்சை (ஒப்பிடுவதற்காக, சிகிச்சைபோலவே தோன்றும்படி மட்டும் செய்வது) பெற்றவர்களுக்கு 3 புள்ளிதான் குறைந்தது என்றும் அதில் காட்டினார்கள். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 50 பேர் மட்டுமே. மேல் கழுத்தில் கைச்சிகிச்சை செய்து, அதையும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பின்னர் நடந்த மற்றொரு சிறிய ஆய்வில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. இதை நம்பி ஒருவருடைய மாத்திரையில் கைவைப்பது எனக்குச் சிறிதும் ஏற்புடையதல்ல.

உங்கள் அம்மாவுக்குக் கண் இருட்டியதற்குக் கழுத்து நரம்பைக் காரணம் காட்டுமுன் எளிய காரணத்தைப் பார்க்க வேண்டும். நெடுநேரம் படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், நீண்டகாலச் சர்க்கரையால் நரம்புகள் தளர்ந்தவர்களுக்கும் இதைச் சமாளிக்கும் வேகம் குறைவு. படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மறுமுறையும் அளந்து, மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். நான் சிகிச்சை தொடங்குமுன் ரத்த அழுத்தம் பார்க்காமல் எவருடைய கழுத்தையும் தொடுவதில்லை. கழுத்துச் சிகிச்சைக்கென உலக அளவில் வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளும் அதையே வலியுறுத்துகின்றன. அங்கே அளந்தார்களா என்று கேளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்கு மேல் அளவு எப்போதும் 150-ஐத் தாண்டியே இருந்தது. கழுத்து வலிக்குக் கைச்சிகிச்சை எடுக்கத் தொடங்கியபின் 130 அளவுக்கு இறங்கிவிட்டது. இன்றுவரை அப்படியே இருக்கிறது. ஆகவே பயன் இல்லை என்று முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டாம்.

பதில்: இயன்முறை மருத்துவர், கோவை

ஐயா, தாங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. வலி இருக்கும்போது ரத்த அழுத்தம் ஏறுவது இயல்பு. வலி போனால் இறங்கும், தூக்கமும் சீராகும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: சிகிச்சைக்கு முன் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டுவந்தீர்களா? அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. சில பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் மட்டுப்படுத்தும். அவற்றை நிறுத்தினாலே சிலருக்கு அளவு இறங்கிவிடும்.

பதில்: நரம்பியல் மருத்துவர்

மேலே இயன்முறை மருத்துவர் எழுதியதோடு உடன்படுகிறேன். மாமாவின் அச்சத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனெனில் அதில் உண்மையின் ஒரு கூறு இருக்கிறது.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக் குருத்தெலும்பின் மேல் விளிம்பை ஒட்டிய மட்டத்தில் கரோடிட் தமனி இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவில் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அங்கே அழுத்தினால், அழுத்தம் ஏறிவிட்டது என்று மூளைத்தண்டு எடுத்துக்கொண்டு இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். முதியவர்கள் சிலருக்கு இந்த அனிச்சைச் செயல் மிகையாக இருப்பதால், இதயம் மூன்று விநாடிகளோ அதற்கு மேலோ துடிக்காமல் நின்று மயக்கம் வரலாம். ஆகவே, பிடரியில் நீவுவது வேறு, தாடைக்குக் கீழே முன்கழுத்தை அழுத்துவது வேறு. பின்னதை எவரும் செய்ய விடாதீர்கள்.

பின்புறத்தில் வெர்டெப்ரல் தமனி, ஆறாவது கழுத்தெலும்பிலிருந்து முதலாவது வரை எலும்புத் துளைகளின் ஊடாகவே ஏறி, உச்சியில் வளைந்து மண்டையோட்டுக்குள் நுழைகிறது. தலையை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பும்போது, மறுபக்கத் தமனி முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே இழுபடுகிறது. அந்த நிலையில் வெட்டித் திருப்பினால், அரிதாகத் தமனிச் சுவரின் உள்ளடுக்கு கிழிந்து, அங்கே உறையும் ரத்தக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். கழுத்துத் தமனிகள் இப்படிக் கிழிவது எல்லாக் காரணங்களையும் சேர்த்தே ஆண்டுக்கு லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் நேர்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கிழிந்த தமனியின் முதல் அறிகுறியே கழுத்து வலியாக இருக்கலாம். அந்த வலிக்காகவே ஒருவர் சிகிச்சைக்குப் போகக்கூடும். கனடாவின் ஒன்டாரியோவில் இத்தகைய 818 பக்கவாதங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், பக்கவாதத்துக்கு முன் கழுத்தைத் திருகும் சிகிச்சையாளரிடம் போனவர்களிடம் காணப்பட்ட தொடர்பு, பொதுமருத்துவரிடம் போனவர்களிடமும் அதே போலக் காணப்பட்டது. 2014-இல் அமெரிக்க இதய சங்கம், காரணம் இதுதான் என்று உறுதிப்படுத்த முடியாவிட்டாலும் தொடர்பு இருப்பதால் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தியது. அது சரியான நிலைப்பாடு என்பதே என் கருத்து.

உங்கள் அம்மாவுக்கு வெட்டித் திருப்பும் முறை தேவையே இல்லை. மென்மையான அசைவும் கழுத்துக்கான பயிற்சிகளும் போதும். சலூன் நாற்காலியில் முடிவெட்டியபின் தலையைப் பிடித்து நெட்டி முறிக்கும் வழக்கத்தையும் வீட்டு ஆண்கள் விட்டுவிட வேண்டும். இதுவரை இல்லாத கடுமையான கழுத்து வலி அல்லது தலைவலி திடீரென்று வந்தாலோ, அதோடு பார்வை இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், நடை தள்ளாட்டம், ஒரு கண்ணிமை மட்டும் தொங்குதல் போன்றவை தோன்றினாலோ, பிசியோதெரபிக்குப் போகாமல் 108-ஐ அழையுங்கள். பக்கவாதமாக இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

காவிரிக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அங்கே ஒருமுறைகூட ரத்த அழுத்தம் அளக்கவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது: மாடிப்படி ஏறும்போது தோள் வலி கூடுவதாக அம்மா ஓரிரு முறை சொன்னார்.

பதில்: நரம்பியல் மருத்துவர்

அதை அலட்சியம் செய்யாதீர்கள். நடக்கும்போதோ படியேறும்போதோ கூடி, நின்றால் தணிகிற கழுத்து, தாடை, தோள் வலி இதயத்திலிருந்தும் வரலாம். சர்க்கரை உள்ள பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் இப்படி வருவதுண்டு. வலப்பக்கம் என்பதால் இதயமாக இருக்காது என்றும் சொல்ல முடியாது. கழுத்தைத் திருப்பினால் கூடுகிறதா, கழுத்தை அசைக்காமல் நடந்தாலே கூடுகிறதா என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, நாளைக்கே ஈசிஜி எடுத்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள். ஓய்வில் எடுத்த ஈசிஜி சரியாக இருந்தாலும், படியேறும்போது வலி கூடுவதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வேறு சோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். அதற்கிடையே ஓய்விலேயே வலி வந்தாலோ, வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இதய மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பிசியோதெரபியை நிறுத்தி வையுங்கள்.