தூக்கிய ஃபார்ச்சூனரில் லோயர் ஆர்ம் புஷ் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, எங்கே தப்பு?

சேதுக்கரை_சவாரி:

வணக்கம். 2011 ஃபார்ச்சூனர், 3.0 டீசல், ஃபோர் பை ஃபோர், 1,94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு வருடம் முன்னால் முன்பக்கம் ஷாக்குக்கு மேலே ஸ்பேசர் (உயரம் கூட்டும் தடித்த வளையம்) வைத்துத் தூக்கினேன், பின்னால் அதற்கேற்ற ஸ்பிரிங். ஸ்பேசர் 30 மி.மீ. தான், வண்டி என்னவோ 2 அங்குலத்துக்கு மேல் எழும்பி நிற்கிறது. அது ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஆனால் என் கேள்வி அதில்லை.

போன வருடம் முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் நான்கையும் மாற்றினேன், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை சேஸிஸோடு சேரும் இடத்து ரப்பர் மூட்டுகளை. நல்ல ரப்பர் புஷ்தான், மட்டமான சரக்கு இல்லை. 9,000 கி.மீ. கூட ஆகவில்லை, வேகத்தடையில் இறங்கினால் டொக் என்று சத்தம், பிரேக் அடித்தால் இடது பக்கம் இழுக்கிறது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்க புஷ் இரண்டிலும் ரப்பர் நடுக்குழாயை விட்டுப் பிறை மாதிரி பிய்ந்திருக்கிறது, இடது பக்கம் விரல் நகம் உள்ளே போகும் அளவுக்கு. வேலை செய்த பட்டறையில் கேட்டால் "தூக்கின வண்டின்னா அப்படித்தான் சார், பாலி புஷ் போட்டுடுங்க" என்கிறார்கள், ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன். போடலாமா?

இன்னொரு கூத்து. முன் கேம் போல்ட்டின் (திருப்பினால் ஆர்ம் நகர்ந்து அலைன்மென்ட் மாறும் போல்ட்) நட்டைத் தளர்த்திவிட்டு போல்ட்டைத் திருப்பினேன். திரும்புகிறது. ஸ்பானரை விட்டால் ரப்பர் பேண்ட் மாதிரி பழைய இடத்துக்கே சுற்றி வந்துவிடுகிறது. இது என்ன?

கொண்டைஊசி_70:

முதலில் அந்த ஸ்பேசர் கணக்கு. ஷாக்கின் கீழ் முனை லோயர் ஆர்மின் நுனியில் இல்லை, ஏறக்குறைய நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் மேலே வைக்கிற 30 மி.மீ., சக்கரத்துக்கு வரும்போது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. 2 அங்குலம் வேண்டும் என்று 2 அங்குல ஸ்பேசரே வாங்கி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்த வண்டிகளின் டிரைவ் ஷாஃப்ட் பூட் (மூட்டை மூடும் ரப்பர் உறை) என்ன ஆனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புஷ் விஷயத்துக்கு ஒரே ஒரு கேள்வி: போன வருடம் போல்ட்டை இறுக்கியபோது வண்டி தரையில் நின்றதா, சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுற்றாது. வெளிக்குழாய் ஆர்முக்குள் இறுகப் பிடித்திருக்கும், உள்குழாயை நட்டு போல்ட் சேஸிஸ் பிராக்கெட்டோடு நசுக்கிப் பிடித்திருக்கும், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். எந்தக் கோணத்தில் இறுக்குகிறோமோ அதுதான் அதற்கு ஓய்வு நிலை. தொங்கும்போது இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுக்கில்தான் இருக்கும், ஈரத்துணியைப் பிழிந்த கையோடு அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி. அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளமும் இன்னும் கொஞ்சம் முறுக்கும். அப்புறம் பிய்யாமல் என்ன செய்யும்?

தூக்கும்போதும் இதே கதைதான், பாதிப் பேர் கவனிப்பதில்லை. ஸ்பேசர் வைத்ததும் ஆர்மின் கோணம் மாறிவிடுகிறது, போல்ட் மட்டும் பழைய உயரத்துக்கு இறுக்கினபடியே இருக்கிறது. புஷ் மாற்றாவிட்டாலும் லிஃப்ட் செய்த அன்றே எல்லா ஆர்ம் போல்ட்டையும் தளர்த்தி, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, புது உயரத்தில் திரும்ப இறுக்கியிருக்க வேண்டும். அப்பர் ஆர்முக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு ஓரச் செய்தி, கோபித்துக்கொள்ள வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, அதோடு 2019 ஜனவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இரண்டும் வண்டியை மாற்றியமைப்பது பற்றியவை, ஒரு தடவை படித்துவிடுங்கள். தூக்கிய வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

லேத்துக்காரன்:

தம்பி, திருப்பினால் திரும்பி வருகிறது என்றாயே, அது போல்ட் துருப்பிடித்து புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிக்கொண்டது. நீ திருப்புவது போல்ட்டை இல்லை, ரப்பரை. உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இது சகஜம். பழைய போல்ட்டையே கிரீஸ் தடவாமல் திரும்பப் போட்டிருப்பார்கள். இன்னொன்றும் இதிலிருந்தே தெரிகிறது, அலைன்மென்ட் என்று சொல்லி உனக்கு டோ, அதாவது சக்கரம் உள்ளே வெளியே பார்க்கும் கோணம், அது மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். கேம் அசையாத வண்டியில் காஸ்டரை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வை, எப்படித் திருத்தியிருக்க முடியும்? தூக்கினால் காஸ்டர் குறையும், ஆர்ம் நுனியில் சக்கரப் பக்கம் சேரும் கீழ் பால் ஜாயின்ட்டை முன்னே தள்ளினால்தான் மீளும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாமல் சோம்பலாக இருக்குமே, கவனித்தாயா?

வேலையை ஆரம்பிக்கும் முன்பே நான்கு கேம் போல்ட், கேம் தட்டு, நட்டு எல்லாம் புதிதாக வாங்கி வைத்துக்கொள். அறுத்த பிறகு கடை தேடினால் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும். மூன்று நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் அடி. அதற்கும் வரவில்லை என்றால் சுத்தியலால் அடித்துப் பிராக்கெட்டை நெளிக்காதே. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அதில் நீளமான ரம்பத் தகடு விட்டு இரண்டு பக்கமும் அறுத்து எடு. சேஸிஸில் கீறல் விழக் கூடாது. கேஸ் வைத்து ரப்பரை எரிக்கிறவர்களும் உண்டு, அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, எனக்குப் பிடிக்காத வேலை.

ஷாக்கின் கீழ் போல்ட்டை மட்டும் கழற்று. மேலே நடுவில் இருக்கும் நட்டைத் தொடவே தொடாதே, ஸ்பிரிங் முழு அழுத்தத்தில் அதை நம்பித்தான் நிற்கிறது, ஆளைக் கொன்றுவிடும்.

ஆர்மை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஸ்ஸில் தள்ளச் சொல். புஷ் விழும் பக்கம் அகலமான பைப் துண்டு தாங்கலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புஷ் வராது, ஆர்ம்தான் வளையும். புது புஷ்ஷை வெளிக்குழாயில் மட்டும் அழுத்த வேண்டும், நடுவில் அழுத்தினால் போடும்போதே ரப்பர் போச்சு. ரப்பரில் இடைவெளி விட்ட மாதிரி புஷ் என்றால், பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஆர்மில் கோடு போட்டுக்கொள். புது போல்ட் தண்டில் காப்பர் கிரீஸ்.

மஸ்கட்_மணல்:

நான் இங்கே ஹைலக்ஸில் பாலி போட்டு மூன்றாவது வருடம். அதன் வேலையே வேறு. ரப்பர் மாதிரி குழாயோடு ஒட்டியிருக்காது, உள்குழாய் அதற்குள் சுற்றும், அதனால் மேலே சொன்ன முறுக்குப் பிரச்சினை பெரிதாக வராது. பட்டறைக்காரர்கள் அதைப் பரிந்துரைக்க அதுவும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம், எந்த நிலையில் இறுக்கினாலும் குட்டு வெளிப்படாது பாருங்கள்.

ஆனால் மணலில் ஓடினால் கிரீஸ் காய்ந்து கீச் கீச் என்று கத்தும். பழைய கட்டில் மாதிரி. நான் வருடத்துக்கு ஒரு முறை பிரித்து, துடைத்து, அதற்கென்று உள்ள சிலிகான் கிரீஸ் தடவுகிறேன். கல்பாதை அதிர்வும் ஸ்டீயரிங்குக்குக் கூடுதலாக வரும். தினசரி குடும்பத்தோடு ஓட்டுகிற வண்டி என்றால் என் ஓட்டு ரப்பருக்குத்தான், ஒழுங்காக இறுக்கினால்.

சேதுக்கரை_சவாரி:

கொண்டைஊசி அண்ணே, நீங்கள் கேட்டதற்குப் பதில்: இரண்டு கம்ப லிஃப்ட்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஏர் கன்னை வைத்து டர்ர் என்று இறுக்கினார்கள். நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது என்ன வேகம் என்று ஆச்சரியப்பட்டேன்.

லேத்துக்கார அண்ணே, ஸ்டீயரிங் சோம்பல் சரியாகச் சொன்னீர்கள். வண்டி உயரமானதால் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம், தரையில் நிற்கும்போது இறுக்க வேண்டும் என்றால் கேம் வைத்து அலைன்மென்ட் பார்ப்பது எப்போது?

லேத்துக்காரன்:

இரண்டும் ஒரே நேரம்தான். வீட்டில் கேமை நடுவில் வைத்து, நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது ஓட்டிப்போகும் அளவுக்கு இறுக்கிவிட்டு, நேராக அலைன்மென்ட் மேடைக்குப் போ. அங்கே வண்டி சொந்தக் காலில்தான் நிற்கும். கேமைத் திருப்பி அளவு வந்ததும் அங்கேயே டார்க் ரெஞ்சில் முழு இறுக்கு, எவ்வளவு என்பது உன் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அவர்கள் ஏர் கன்னைத் தூக்கினால் கையைப் பிடித்துக்கொள்.

சேதுக்கரை_சவாரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ரப்பரே போட்டேன். நான்கு கேம் போல்ட்டில் ஒன்றுதான் எண்ணெய்க்கு மசிந்தது, மற்ற மூன்றும் அறுவைதான், அதில் இடது முன்பக்கம் மட்டும் ஒன்றரை மணி நேரம், ஐந்து தகடு. வெளியே வந்த துண்டைப் பார்த்தால் போல்ட் எது, குழாய் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே துருக்கட்டி.

அலைன்மென்ட் கடையில் "தொங்கவிட்டே இறுக்கிடலாம் சார், வேலை சீக்கிரம் முடியும்" என்று அங்கேயும் ஆரம்பித்தார்கள். டார்க் ரெஞ்ச்சை வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன். காஸ்டர் இடது பக்கம் ஓரளவு வந்தது, வலது பக்கம் கேம் முழுக்கத் திருப்பியும் இன்னும் கொஞ்சம் குறைவு. அப்பர் ஆர்ம் மாற்றினால்தான் சரியாகும் போல, தூக்கிய வண்டிக்கென்று வருகிற ஆர்ம் விலையைப் பார்த்துவிட்டு உலாவியை மூடிவிட்டேன்.

டொக் சத்தம் போய்விட்டது. பிரேக்கில் இழுப்பும் இல்லை. ஸ்டீயரிங் வளைவு முடிந்து தானே திரும்புகிறது, முழுதாக இல்லை, முக்கால்வாசி.

கொண்டைஊசி_70:

அந்த மீதிக் கால்வாசிக்கு ஆர்ம் எல்லாம் வாங்காதீர்கள். ஸ்பேசரை 20 மி.மீ. ஆக்கிப் பாருங்கள். ஆக்கினால் மறக்காமல் போல்ட் எல்லாம் தளர்த்தி, மறுபடி தரையில் வைத்து இறுக்க வேண்டும்.

சேதுக்கரை_சவாரி:

அண்ணே, இப்போதுதான் கை கழுவினேன்.