மேக்கில் இருந்த பவர்பிசி சிப்தான் வேகம் என்று ஆப்பிள்காரர்கள் சொன்னார்கள், பிறகு போட்டியாளரான இன்டெலுக்கே போனார்கள். எதை நம்புவது?

வெண்பலகை:
ஆப்பிளின் பழைய மேடை நிகழ்ச்சி வீடியோக்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2001-ல் 867 மெகாஹெர்ட்ஸ் கடிகார வேகத்தில் ஓடும் ஜி4 என்ற பவர்பிசி சிப் வைத்த மேக்கையும், 1.7 கிகாஹெர்ட்ஸ் (1700 மெகாஹெர்ட்ஸ்) இன்டெல் பென்டியம் 4 கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போட்டோஷாப் ஓட்டுகிறார்கள், மேக் முதலில் முடிக்கிறது, மெகாஹெர்ட்ஸ் என்பதே மாயை என்று பாடம் எடுக்கிறார்கள். 2003-ல் அடுத்த பவர்பிசி சிப்பான ஜி5 வந்ததும், உலகிலேயே வேகமான பெர்சனல் கம்ப்யூட்டர் என்கிறார்கள். 2005 ஜூனில் பார்த்தால் இன்டெலுக்கு மாறுகிறோம் என்று ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸே சொல்கிறார். அடுத்த ஜனவரியில், இன்டெல் சிப் வைத்த மேக்புக் ப்ரோ லேப்டாப், ஆப்பிளின் பழைய லேப்டாப்பான பவர்புக் ஜி4-ஐ விட 4 முதல் 5 மடங்கு வேகமாம். அப்படியென்றால் அதுவரை சொன்னதெல்லாம் பொய்யா?

பழையகீபோர்டு:
பொய் என்று சொல்ல மாட்டேன். மெகாஹெர்ட்ஸ் பற்றி அவர்கள் சொன்னது சரிதான். பென்டியம் 4-ல் ஒரு கட்டளை 20 படிகளைக் கடக்க வேண்டும், அந்த ஜி4-ல் 7 படிதான். படிகளைச் சின்னதாக நறுக்கினால் கடிகார வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாம், ஆனால் நிரலில் கிளை பிரியும் இடத்தில் சிப் தப்பாக ஊகித்துவிட்டால் பாதி வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியில் இன்டெலே அந்த வழியைக் கைவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லி, 2004-ல் ரத்து செய்தார்கள். 2006-ல் வந்த இன்டெலின் கோர் 2 சிப் குறைந்த கிகாஹெர்ட்ஸில் ஓடி பழைய பென்டியம் 4-ஐ எளிதாக முந்தியது.

ஆப்பிள் மாறியதற்குக் காரணம் வேறு. ஜி5 ஒரு வருடத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் தொடும் என்று ஜாப்ஸ் 2003-ல் வாக்குக் கொடுத்தார், 2005-ல்கூட 2.7-தான், அதற்கும் திரவக் குளிரூட்டல் தேவைப்பட்டது. அந்தச் சூட்டை லேப்டாப்பில் அடைக்க முடியாது, ஜி5 பவர்புக் வரவே இல்லை.

இரவுவேலை:
கொள்கை சரி, ஆனால் அதை விற்ற விதம் சரியில்லை. மேடையில் ஓட்டிய போட்டோஷாப் ஃபில்டர்கள் ஜி4-ன் வெக்டர் யூனிட்டுக்கு (ஒரே கணக்கைப் பல எண்களுக்கு ஒரே நேரத்தில் போடும் பகுதி) தோதானவை, அன்றைக்கு வேறு மென்பொருளை ஓட்டியிருந்தால் முடிவு மாறியிருக்கலாம். ஜி5 சோதனையில் இரண்டு பக்கமும் ஜிசிசி என்ற ஒரே கம்பைலரையே (நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) பயன்படுத்தினார்கள், கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் இன்டெல் சிப்புக்கு இன்டெலின் சொந்த கம்பைலர் தந்த மதிப்பெண் அதைவிட அதிகம். பிரிட்டனில் அந்த ‘உலகிலேயே வேகமான’ விளம்பரத்துக்குப் புகார் போய், 2003-லேயே தொலைக்காட்சி ஒழுங்குமுறை அமைப்பு அந்த விளம்பரத்தின் கூற்றை ஏற்கவில்லை.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. சிப் பெயரை மட்டும் பார்த்து ஒரு லேப்டாப் வாங்கினேன், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். முதல் வீடியோ ரெண்டரில் பத்து நிமிடம் பறந்தது, அப்புறம் விசிறி அலற, கடிகார வேகம் பாதிக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டது, கீபோர்டின் மேல் வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. அதே பெயர் கொண்ட சிப்பை ஒரு நிறுவனம் 15 வாட்டிலும் இன்னொன்று 28 வாட்டிலும் ஓட்டலாம், பெட்டியின் மேல் அது எழுதப்படுவதே இல்லை.

வெண்பலகை:
அப்போ இன்டெல், விண்டோஸ் பக்கம் மட்டும் நேர்மையா?

இரவுவேலை:
இல்லவே இல்லை. 1991-ல் தொடங்கிய ‘இன்டெல் இன்சைட்’ திட்டத்தில், பிசி தயாரிப்பாளர் தன் விளம்பரத்தில் அந்த லோகோவைப் போட்டால் விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் ஏற்றுக்கொண்டது. வாங்குகிறவர் கண்ணால் பார்க்கவே போகாத ஒரு பாகத்தின் பெயரைக் கேட்டு வாங்க வைத்தது அதுதான். 2006-ல் தொடங்கிய மேக் விளம்பரங்களில் மேக்காக நடித்த நடிகர் ஜஸ்டின் லாங்கையே 2021-ல் இன்டெல் அழைத்து வந்து மேக்கைக் குறை சொல்ல வைத்தது. சிப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஒரு முகத்தை நிறுத்தினால் நமக்கு என்ன தெரியப்போகிறது?

பழையகீபோர்டு:
2022-ல் தன் சொந்த சிப்பான எம்1 அல்ட்ராவுக்கு ஆப்பிள் காட்டிய வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். படுக்கைக் கோட்டில் வாட், நிமிர்ந்த கோட்டில் வெறும் ‘ஒப்பீட்டு வேகம்’. அதில் ஒப்பிட்ட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டு 350 வாட் வரை இழுக்கும், ஆனால் அதன் கோடு அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. குறைந்த மின்சாரத்தில் அந்த வேகம் என்பது உண்மையிலேயே பெரிய சாதனை, அதைச் சொல்லியிருந்தாலே போதும், நான் கைதட்டியிருப்பேன். படம் பார்த்தவர்களோ 3090-ஐயே முந்திவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள், வெளியாட்கள் சோதித்தபோது 3090 தெளிவாக முன்னால் இருந்தது.

வெண்பலகை, வாங்கத்தான் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் சொந்த ஃபைல் ஒன்றை இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேரமாவது ஓடட்டும், ஒருமுறை சார்ஜரைக் கழற்றிவிட்டும் ஓட்டுங்கள், பல விண்டோஸ் லேப்டாப்கள் அங்கேதான் தடுமாறும். என்ன வேலைக்கு என்று சொல்லுங்கள், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.