பழைய சைஸ்மிக் தரவில் கடல் கொந்தளிப்பு: சரிவு நிறமாலை ஏன் இவ்வளவு உயர்ந்து நிற்கிறது?

கேள்வி: கென்ட் ரிட்ஜ் ஆய்வு மாணவி

வணக்கம். தென்சீனக் கடலின் வடபகுதியில், கடலடிப் பாறை அடுக்குகளை ஆராய்வதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன்னர் எடுக்கப்பட்ட ஒரு சைஸ்மிக் கோட்டின் தரவை (கப்பல் சென்ற வழியில் ஒலியனுப்பிப் பதிந்த எதிரொலிகளை), பாறையை விட்டுவிட்டு அதன் மேலுள்ள நீரைப் பார்ப்பதற்காக மீண்டும் பதப்படுத்தி வருகிறேன். கப்பலின் வேகம் விநாடிக்கு 2.5 மீட்டர். ஒலியெழுப்பும் காற்றுத் துப்பாக்கியான ஏர்கன் 25 மீட்டருக்கு ஒருமுறை, அதாவது 10 விநாடிக்கு ஒருமுறை வெடித்திருக்கிறது (ஒவ்வொரு வெடிப்பும் ஒரு ஷாட்). கப்பல் பின்னால் இழுத்துச் செல்லும், ஒலிவாங்கிகள் பொருத்திய வடமான ஸ்ட்ரீமரின் நீளம் 6 கிலோமீட்டர்.

ஏர்கனிலிருந்து நேரே வந்த அலையை நீக்கி, ஒரே இடத்தின் பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து (ஸ்டாக் செய்து), நீரடுக்குகளின் எதிரொலிப்புக் கோடுகளைப் பின்தொடர்ந்து அவற்றின் சரிவு நிறமாலையை (எந்த அலைநீளத்தில் அவை எவ்வளவு சாய்கின்றன என்ற வளைகோட்டை) கணக்கிட்டேன். நீண்ட அலைநீளங்களில், நீருக்குள்ளேயே ஓடும் உள்ளலைகளுக்குரிய −1/2 அடுக்குக்குறி சரியாகவே வருகிறது. ஆனால் 100 மீட்டருக்குக் கீழே, கொந்தளிப்புக்குரிய +1/3 அடுக்குக்குறியில் மெல்ல உயர வேண்டிய வளைகோடு செங்குத்தாக ஏறிவிடுகிறது. சரியாக 25 மீட்டர் அலைநீளத்தில் கூரிய முள் ஒன்றும் நிற்கிறது. இதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் சிதறல் வீதம் (கொந்தளிப்பின் ஆற்றல் வெப்பமாக மாறும் வேகம்) 10⁻⁶ வாட்/கிலோகிராம். ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்தில் மிகப் பளிச்சென்று தெரியும் ஓர் அடுக்கில்தான் அது உச்சம் பெறுகிறது. தைவானுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடையிலுள்ள லூசான் நீரிணையில் பிறக்கும் பெரிய தனியலைகள் (ஒற்றையாக நகரும் பெரிய உள்ளலைகள்) இவ்வழியே மேற்கு நோக்கிச் செல்வதால், இம்மதிப்பு உண்மையாகவே இருக்கலாமா?

மறுமொழி: ஜூரோங், சைஸ்மிக் பதப்படுத்துநர்

இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். திறந்த கடலின் இடை ஆழங்களில் 10⁻¹⁰ முதல் 10⁻⁹ வரை இருப்பதுதான் வழக்கம். தனியலை உடையும் இடத்தில் பன்மடங்கு கூடலாம் என்றாலும், கோடு முழுவதும் 10⁻⁶ என்பது நீரின் குரலன்று, இரைச்சலின் குரல்.

முதலில் அந்தச் செங்குத்தான ஏற்றம். தற்போக்கு இரைச்சலில் கோடுகளின் மேல்கீழ் இடப்பெயர்ச்சி நிறமாலை தட்டையாக இருக்கும். அதைச் சரிவாக மாற்றும்போது அலை எண்ணின் வர்க்கத்தால் பெருக்குகிறோம், ஆகவே அது +2 அடுக்குக்குறியில் ஏறும். உங்கள் ஏற்றம் +2-ஐ நெருங்குகிறதா என்று பாருங்கள். நெருங்கினால் அப்பகுதியில் கோடு பொருத்தவே கூடாது. 25 மீட்டர் முள் உங்கள் ஷாட் இடைவெளியேதான். கோஸ்டா ரிகாவுக்கு அப்பால் எடுத்த தரவில் புவி இயற்பியலாளர் ஹால்புரூக்கின் குழுவினர் 2013-இல் விளக்கிய முறையும் இதுவே: முதலில் தரவையே நேரடியாக நிறமாலையாக உருமாற்றி இரைச்சலை அடையாளம் காண வேண்டும், ஷாட் இடைவெளியிலும் அதன் பாதி, மூன்றிலொரு பங்கு போன்ற அலைநீளங்களிலும் வரும் முட்களை (சீரிசைகளை), அந்த அலைநீளங்களை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரால் நீக்க வேண்டும், அதன் பிறகே அடுக்குகளைப் பின்தொடர வேண்டும்.

நீரடுக்குகளின் எதிரொலிப்புக் கெழு (படும் ஒலியில் திரும்பி வரும் பங்கு) 0.001-க்கும் கீழே, கடற்படுகையினுடையதோ 0.2, 0.3 என்ற அளவில் இருக்கும். ஆகவே அந்த 600 மீட்டர் அடுக்கு "மிகப் பளிச்சென்று" தெரிவதே எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. அவ்விடத்தில் கடல் ஆழம் என்ன?

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. ஏற்றம் +2-க்கு மிக அருகில்தான் இருக்கிறது. அங்கே ஆழம் 2,700 மீட்டர். படுகை 2,650 மீட்டருக்கு உயரும் இடத்தில் அந்த அடுக்கும் 450 மீட்டருக்கு ஏறிவிடுகிறது.

மறுமொழி: ஜூரோங், சைஸ்மிக் பதப்படுத்துநர்

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. 2,700 மீட்டர் ஆழத்துக்கு ஒலி போய்வர 3.6 விநாடி. படுகைக்கும் மேற்பரப்புக்கும் இடையே மூன்று முறை போய்வந்த ஒலி 10.8 விநாடியில் வந்து சேரும். அதற்குள் அடுத்த ஷாட் வெடித்து 0.8 விநாடி ஆகியிருக்கும், அந்த நேரம் 600 மீட்டர் ஆழமாகத் தெரியும். படுகை 50 மீட்டர் உயர்ந்தால் இப்பொய்யடுக்கு அதைப் போல் மும்மடங்கு, 150 மீட்டர், உயரும். நீங்கள் கண்டதும் அதுதான்.

மறுமொழி: பொங்கோல், ஓய்வுபெற்ற கடலியல் ஆய்வாளர்

மேலே சொன்னவை சரி. ஆனால் ஸ்டாக் பற்றி யாரும் கேட்கவில்லையே! 6 கிலோமீட்டர் ஸ்ட்ரீமரின் எல்லாத் தடங்களையும் (ஒலிவாங்கிகளின் பதிவுகளை) சேர்த்தால், ஏர்கனுக்கும் ஒலிவாங்கிக்கும் நடுவே அமையும் ஒரே நடுப்புள்ளியை 20 நிமிட நேரத்துக்குப் படம்பிடிக்கிறோம். பாறைக்கு அது பொருட்டில்லை. விநாடிக்கு 2.5 மீட்டர் செல்லும் தனியலையோ அதற்குள் 3 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். கப்பலும் அலையும் ஒரே திசையில் ஒத்த வேகத்தில் சென்றால் அலையின் அகலம் படத்தில் அளவின்றி நீண்டு தெரியும். எதிரெதிர்த் திசையில் சென்றால் பாதியாகச் சுருங்கும். எனவே ஏர்கனிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்ட அண்மைத் தடங்களை மட்டும் சேருங்கள். அப்போதும் 200 விநாடி ஆகிறது; விநாடிக்கு 0.2 மீட்டர் ஓட்டத்தில் நீர் 40 மீட்டர் நகரும். அதற்குக் குறைந்த அலைநீளங்களிலிருந்து எந்த எண்ணையும் எடுக்காதீர்கள்.

மறுமொழி: ஜூரோங், சைஸ்மிக் பதப்படுத்துநர்

ஐயா, அதில் ஒரு முரண் இருக்கிறது. முந்தைய ஷாட்டின் எதிரொலியை அடக்குவதே தொலைத் தடங்கள்தாம். 3 கிலோமீட்டர் தொலைவில் உண்மையான நீரடுக்கு 1.3 விநாடிக்கு மேல் தாமதமாகும், பொய்யடுக்கோ 0.2 விநாடிகூட நகராது. அண்மைத் தடங்களை மட்டும் வைத்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்து, பொய்யடுக்கு முழு வலிமையோடு தங்கிவிடும்.

மறுமொழி: பொங்கோல், ஓய்வுபெற்ற கடலியல் ஆய்வாளர்

நல்ல தடை. அப்படியென்றால் வரிசையை மாற்றலாம்: எல்லாத் தடங்களும் இருக்கும் நிலையில் ரேடான் உருமாற்றத்தால் (எதிரொலிகளை அவற்றின் வளைவைக் கொண்டு பிரிக்கும் கணக்கீட்டால்) பொய்யடுக்கைப் பிரித்தெடுத்துவிட்டு, பிறகு அண்மைத் தடங்களை மட்டும் ஸ்டாக் செய்யலாம். உண்மையடுக்கு, பொய்யடுக்கு இவ்விரண்டின் வளைவு வேறுபாடு மிகப் பெரிது. நீரின் நகர்வு அப்பிரிப்பைக் கெடுக்காது.

இன்னொன்று: ஆற்றல் சிதறல் வீதம் நிறமாலை மட்டத்தின் 3/2 அடுக்குக்குறியிலும், மிதப்பு அதிர்வெண்ணின் (ஆழத்தோடு நீரின் அடர்த்தி எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பதைக் காட்டும் அளவின்) கனமாகவும் மாறும். மட்டம் நான்கு மடங்கு உயர்ந்தால் விடை எட்டு மடங்கு பிழையாகும். மிதப்பு அதிர்வெண் இரு மடங்கு பிழைத்தாலும் அதே எட்டு மடங்கு. கப்பலில் வெப்பநிலை அளக்கவில்லையெனில், அதே பருவத்தில் அப்பகுதியில் மிதந்த, ஆழத்தோடு மாறும் வெப்பநிலையையும் உப்பையும் அளக்கும் ஆர்கோ மிதவைகளின் தரவைப் பயன்படுத்துங்கள்.

(வீட்டருகே சிங்கப்பூர் நீரிணையில் இதைச் செய்து பார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆழமும் குறைவு, ஓதம் நீரைக் கலக்கிவிடுவதால் எதிரொலிக்க அடுக்கும் இல்லை.)

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன். 25 மீட்டர் முள் மறைந்தது. 600 மீட்டர் அடுக்கு இருந்த இடத்தில் மங்கலான, ஏறக்குறையக் கிடையான கோடுகள் தெரிகின்றன. 50 முதல் 150 மீட்டர் அலைநீளம் வரை +1/3 அடுக்குக்குறி பொருந்துகிறது. மதிப்பு 10⁻⁸-க்கு இறங்கியிருக்கிறது. பொய்யடுக்கு கடற்படுகையின் எதிரொலியை வெட்டும் இடங்களில் மட்டும் பிரிப்பு சரியாக வரவில்லை. அப்பகுதிகளைக் கணக்கிலிருந்து விலக்கி, படத்தில் வெற்றிடமாகவே காட்டப்போகிறேன்.