வெந்தய வாசம் அடிக்கிற வைன், இதை எப்படி எழுதுறது?

லியோன்வாசி:
வணக்கம் மக்களே. போன மாசம் பிரான்ஸ்ல ஜூரா பக்கம் ஆர்புவா போயிருந்தேன், லூயி பாஸ்டர் வளர்ந்த ஊர். அங்க வான் ஜோன்னு ஒரு வைன் ஊத்திக் கொடுத்தாங்க, சவன்யான்ங்கிற திராட்சையில மட்டும் பண்றது. மத்த வைன்னா பீப்பாய்ல ஆவியாகிக் குறையக் குறைய மேல ஊத்தி நிரப்பிட்டே இருப்பாங்க, இத அப்படியே விட்டுடுறாங்க, பால்ல ஏடு கட்டுற மாதிரி மேல ஈஸ்ட் படிஞ்சிடுது, ஆறு வருஷத்துக்கு மேல தொடறதே இல்ல. ஒரு லிட்டர்ல கடைசியா மிஞ்சுறது 62 சென்டிலிட்டர்னு ஒரு கணக்கு, அதனால பாட்டிலும் அதே அளவுதான், பேரு க்ளாவ்லான்.

கிளாஸ மூக்குகிட்ட கொண்டு போனா வறுத்த வெந்தயம்! சத்தியமா. அங்க கொடுத்த பேப்பர்ல "வால்நட், கறி"னு போட்டிருக்கு. எந்தக் கறிப்பா, வத்தக்குழம்பா கோழியா? நான் தமிழ்ல எழுத உக்காந்தா பிளாக்கரன்ட், வயலட் பூன்னு அவங்க லிஸ்ட்டத்தான் காப்பி அடிக்கிறேன், படிக்கிற எங்க அண்ணன் ஆயுசுல பிளாக்கரன்ட பார்த்ததில்ல. நீங்கல்லாம் எப்படி எழுதுறீங்க?

லேப்கோட்டு:
வெந்தயம் உங்க கற்பனை இல்ல ப்ரோ. சோட்டலோன்னு ஒரு பொருள், வெந்தயத்துலயும் இருக்கு, வான் ஜோன்லயும் இருக்கு, துளியூண்டு இருந்தாலே மூக்கு பிடிச்சிடும். அவங்க கறின்னு சொல்றது டப்பால வர்ற கறி பவுடர், அதுலயும் வெந்தயம் இருக்குல்ல. அந்த பேப்பர விட நீங்கதான் கரெக்ட்டா சொல்லிருக்கீங்க, தைரியமா எழுதுங்க.

சந்தேகப்பிராணி:
ரொம்ப தைரியம் வேணாம். பிரான்ஸ்ல போர்தோங்கிற ஊர்ல வைன் பத்தி படிக்கிற 54 பசங்ககிட்ட வெள்ளை வைன்ல வாசமில்லாத சிவப்பு கலர கலந்து கொடுத்தாங்க, 2001ல வந்த ஆராய்ச்சி, எல்லாம் சிவப்பு வைனுக்கு எழுதுற வார்த்தையா அள்ளி விட்டுருக்குதுங்க. நாம எழுதுறதுல பாதி கண்ணு எழுதுறது. எனக்கு இந்தப் பழ லிஸ்ட் எழுத்தே பிடிக்காது, யாரு பண்ணினா, ஏன் பீப்பாய நிரப்பாம விட்டான், அத சொன்னா படிப்பேன்.

கருப்பட்டி:
சந்தேகம் சொல்றது பாதி சரி, ஆனா வாசத்தையே விட்டுட்டா அப்புறம் வைன பத்தி எழுதி என்ன பிரயோஜனம். எனக்குக் கடுப்பாகுறது மொழிபெயர்ப்புதான். சொவின்யோன் பிளாங்க்ங்கிற வெள்ளை வைன்ல கூஸ்பெரி வாசம்னு சொன்னா உடனே நெல்லிக்காய்னு எழுதிடுறாங்க, அது வேற பழம்ங்க, நம்ம நெல்லிக்காய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதே ஆளு வாய இழுக்கிற அந்த "டேனின்"னு வந்தா முழிப்பான், துவர்ப்புன்னு நம்ம வாய்லயே வார்த்தை இருக்கு, வாழைப்பூ தின்னவனுக்கு விளக்கவே வேணாம். "ட்ரை"க்கு வறண்ட வைன்னு எழுதுறவன பார்த்தா எனக்கே தொண்டை வறண்டுடும், இனிப்பில்லன்னு சொன்னா போச்சு.

லியோன்வாசி தம்பி, வாங்கிட்டு வந்த பாட்டில எங்க வெச்சிருக்கீங்க? ஜில்லுனு குடிச்சா வாசம் அமுங்கிடும்.

லியோன்வாசி:
ஐயையோ ஃப்ரிட்ஜ்லதான்ணே இருக்கு, இப்பவே எடுத்து வெளிய வெக்கிறேன். கோம்தே சீஸும் கொஞ்சம் இருக்கு. ராத்திரி வெந்தய டப்பாவையும் பக்கத்துல திறந்து வெச்சு மாத்தி மாத்தி மோந்து பார்த்துட்டு எழுதுறேன், வீட்டம்மா என்ன சொல்லப் போறாங்களோ.