வேல்ஸில் பழைய சுரங்க ஊர்: எதைப் பார்ப்பது?

கன்னங்குறிச்சிக்காரன்: அப்பா சேலம் செட்டிச்சாவடிச் சுரங்கத்தில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டியவர். மகள் கார்டிஃபில் படிக்கிறாள். அடுத்த மாதம் போகிறேன். குழியை மட்டும் காட்டும் இடம் வேண்டாம். தொழிலாளிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிய வேண்டும். எங்கே போகலாம்?

அஸ்தம்பட்டி வாசகர்: பிளேனாவன் போங்கள் அண்ணா. 1789இல் இரும்பாலை தொடங்கிய ஊர். அங்குள்ள பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு, 1983இல் அருங்காட்சியகமானது. கூண்டில் 90 மீட்டர் கீழே இறங்கலாம். முன்னாள் சுரங்கத் தொழிலாளிகளே அழைத்துப் போவார்கள். செல்போனை மேலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

சேர்வராயன் அடிவாரம்: கூண்டுச் சவாரி சுற்றுலாக்காரர்களுக்கு. உங்கள் கேள்விக்கு விடை ட்ரெடீகர்தான். அங்கே தொழிலாளிகள் கூலியில் சில்லறை பிடித்துக் கொடுத்து, குடும்பத்துக்கும் சேர்த்து டாக்டரையும் மருந்தையும் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதே ஊரில் 1897இல் பிறந்து, சிறுவனாகவே சுரங்கத்தில் இறங்கிய அன்யூரின் பெவன், பிறகு பிரிட்டனின் சுகாதார அமைச்சராகி 1948இல் நாடு முழுவதற்கும் இலவச மருத்துவம் கொண்டுவந்தார். கல்தூசியால் இருமியே போய்ச்சேர்ந்த நம் பெரியவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கன்னங்குறிச்சிக்காரன்: அப்பாவும் அந்த இருமல்காரர்தான். ட்ரெடீகர் முதலில், நேரம் இருந்தால் கூண்டு.

அஸ்தம்பட்டி வாசகர்: இரண்டும் அருகருகேதான் அண்ணா. குடை வேண்டாம், காற்று பிடுங்கிவிடும்; மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.