மங்கலான ஓவியங்கள்: கைத்திறனா, மழுப்பலா?

ராயபுரம் பலகைக்காரர்:
ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டருக்கு முகம் வரையக் கைவராததால்தான் எல்லாவற்றையும் மங்கலாக்குகிறார் என்றும், உண்மையைக் கேள்வி கேட்கிறார் என்பது விமர்சகர்கள் கட்டிவிட்ட கதை என்றும் இங்கே ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஒளிப்படத்தைத் துணியின் மீது ஒளிபாய்ச்சிக் கோடு தவறாமல் வரைந்து, சாயம் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் இழுத்துக் கலைக்கிறவர் அவர். முதலில் தெளிவாக வரைகிறார்; பிறகுதான் கலைக்கிறார். கைநடுக்கத்தில் அது வராது.

எண்ணூர்க் கரை:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை போலும். முதலில் தெளிவாக வரைந்தார் என்பதை அருகில் நின்று பார்த்தீர்களா, அண்ணன்? அவர் எடுத்துக்கொண்ட படங்களில் பல, பழைய குடும்ப ஆல்பத்திலும் நாளிதழ்களிலும் இருந்தவை. மூலப்படமே தெளிவில்லாமல் இருந்திருக்கலாமே?

ராயபுரம் பலகைக்காரர்:
மிண்ட் தெருக் கடைகளுக்குப் பலகை எழுதிய கை இது. காயாத எனாமலில் தூரிகை பட்டால் எழுத்தின் ஓரம் ஒரே திசையில் மயிரிழைகளாக இழுபடும். அதே இழுப்பு ரிக்டர் 1965இல் வரைந்த 'ருடி மாமா' ஓவியத்திலும் இருக்கிறது. நாளிதழின் மங்கல் புள்ளி புள்ளியாகத் தெரியும், இழைகளாகத் தெரியாது. மறுபடியும் சொல்கிறேன், முதலில் தெளிவாக வரைந்தார்.

கொருக்குப்பேட்டை வாசகர்:
எனாமல் சில மணி நேரத்தில் இறுகிவிடும். எண்ணெய்ச் சாயம் காய நாள்கணக்காகும். இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவரிடம் நாங்கள் ஓவியம் கற்க வேண்டுமா?

ராயபுரம் பலகைக்காரர்:
என்னிடம் வாங்கிய ஓவியப் புத்தகத்தை இன்றுவரை திருப்பித் தராதவர் எனக்குச் சாயத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறார்! நாள்கணக்கில் ஈரமாக இருப்பதால்தானே அவரால் நிதானமாகக் கலைக்க முடிகிறது? என் பக்கத்துச் சாட்சியையே கொண்டுவந்து கொடுத்திருக்கிறீர்கள்.

பெரம்பூர்க்காரி:
தூரிகையை விட்டுவிட்டு, யாரை வரைந்தார் என்றும் ஒருமுறை பாருங்கள். அவருடைய தாய்மாமன் ருடி, நாஜி ஆட்சிக்கால ஜெர்மன் ராணுவச் சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். சித்தி மரியான்னேவோ மனநோயாளி என்று அதே ஆட்சியால் ஒதுக்கப்பட்டு, 1945இல் பட்டினி போட்டுக் கொல்லப்பட்டவர். இருவரையும் ஒரே ஆண்டில், ஒரே மங்கலில் வரைந்திருக்கிறார். வீட்டு ஆல்பத்தில் இருவரும் சிரித்த முகத்தோடுதான் இருந்திருப்பார்கள் என்னும்போது, அந்தத் தெளிவு எதைச் சொல்லிவிட்டது?

எண்ணூர்க் கரை:
அம்மா, இது வசதியானவர்களின் சந்தேகம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எங்கள் கழிமுகத்துக்குள் வந்தபோது, படகின் விளிம்பிலும் வலையின் கண்ணிகளிலும் கறுப்பாக ஒட்டியிருந்ததைத் தெளிவான படங்கள்தான் ஊருக்குக் காட்டின. அன்று எவராவது அவற்றை மங்கலாக்கி உண்மையைக் கேள்வி கேட்கிறேன் என்று வந்திருந்தால் கரையில் நின்றிருக்க முடியாது. 2014இல் உங்கள் ரிக்டர், 1944இல் நாஜிகளின் பிர்கெனாவ் கொலை முகாமின் கைதிகள் உயிரைப் பணயம் வைத்து இரகசியமாக எடுத்த நான்கு படங்களை வரைந்து, அவற்றின் மேலேயே சாயத்தைப் பூசி ஒன்றும் தெரியாமல் மூடிவிட்டார். இது கேள்வி கேட்பதா, மூடி மறைப்பதா?

ராயபுரம் பலகைக்காரர்:
மூடுவதற்கு அடியில் ஒரு படம் இருக்க வேண்டுமல்லவா? அப்படியானால் முதலில் வரைந்தார் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்! அந்த நான்கு படங்களின் நகல்களை ஓவியங்களுக்கு அருகிலேயே வைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? மறைக்கிறவன் சாட்சியைப் பக்கத்தில் மாட்டுவானா?

எண்ணூர்க் கரை:
நான் சொன்னது பிர்கெனாவைப் பற்றி. ருடி மாமாவைப் பற்றியல்ல. ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வென்றதாக அறிவிப்பது உங்கள் பழைய வழக்கம். சென்ற ஆண்டு சுவரோவிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

கொருக்குப்பேட்டை வாசகர்:
அந்தப் புத்தகத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ராயபுரம் பலகைக்காரர்:
கேட்டாயிற்று, வரவில்லை. சுவரோவிய விவாதத்தில் நான் சொன்னதும் சரிதான். ருடி மாமாவின் சீருடைப் பொத்தான்களைப் பெரிதாக்கிப் பார்த்து, இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு பிர்கெனாவுக்கு வருகிறேன்.

எண்ணூர்க் கரை:
நீங்கள் முதலில் பிர்கெனாவுக்குப் பதில் சொல்லுங்கள். பொத்தானைப் பிறகு பார்க்கலாம்.