பழைய பெட்ரோல் பங்க் இருந்த மனை: மண்ணை எப்படிச் சோதிப்பது?

மஞ்சக்குப்பம்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஆறு சென்ட் மனை ஒன்று விலைக்கு வருகிறது. 1980களிலிருந்து அங்கே பெட்ரோல் பங்க் நடந்திருக்கிறது, மூடி ஏழு வருஷம் ஆகிறது. பூமிக்குள் இருந்த மூன்று டேங்கையும் எடுத்துவிட்டு கிராவல் கொட்டி மூடியாச்சு என்கிறார் விற்பவர். 'சாயில் டெஸ்ட் பண்ணியாச்சு' என்று ஒரு காகிதமும் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கு மட்டும்தான் இருக்கிறது. மனையில் நின்றால் எந்த வாடையும் இல்லை, புல்கூட முளைத்திருக்கிறது. ஆனால் ஐப்பசி மழையில் கிணற்றுத் தண்ணீர் ஏறும்போது மட்டும் மண்ணெண்ணெய் மாதிரி வாடை வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அங்கே வீடு கட்டி, போர் போட்டு, அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறோம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. எதைச் சோதிக்கணும், எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில்?

குறிஞ்சிப்பாடி விவசாயி:
வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள், செலவு குறைவு. நான் வருஷா வருஷம் அங்கேதான் கொடுக்கிறேன்.

அரியாங்குப்பம் ஆகர்:
தம்பி, அங்கே கொடுக்காதே. அவர்கள் பார்ப்பது கார அமில நிலை, உப்பு, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. வயலுக்கு அது போதும், பெட்ரோல் அதில் தெரியாது. உன் கையில் இருக்கும் காகிதம் அஸ்திவாரத்துக்கானது.

நான் பதினெட்டு வருஷமாக மண் மாதிரி எடுக்கிறேன். பழைய பங்க், லாரி ஷெட், டீசல் டேங்க் இருந்த கம்பெனி இடம் எல்லாம் தோண்டியிருக்கிறேன். மேலே வாடை இல்லை, புல் முளைத்திருக்கிறது என்பதற்கெல்லாம் அர்த்தமே கிடையாது. டேங்கின் அடி பத்துப் பன்னிரண்டு அடியில் இருந்திருக்கும். பைப் இணைப்பில் கசிந்தாலும், லாரியிலிருந்து இறக்கும்போது வழிந்தாலும், நம் பக்கத்து மணலில் அது நேராகக் கீழே இறங்கிவிடும். தண்ணீரைத் தொட்டதும் நின்றுவிடும், ஏனென்றால் பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, மேலேயே மிதக்கும். கோடையில் தண்ணீர் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கும், மழையில் ஏறினால் கூடவே ஏறும். ஏறி இறங்கும் அந்த நாலைந்து அடி மண் முழுக்க அப்பிக்கொண்டிருக்கும். உன் அக்கா சொன்னது இதைத்தான். அவர் மூக்கை நம்பு.

கிராவலில் மாதிரி எடுத்துவிட்டு 'சுத்தம்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கிராவல் வெளியிலிருந்து வந்தது, அது சுத்தமாகத்தான் இருக்கும். கிராவல் முடிந்து பழைய மண் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டடி கீழே எடுக்கணும். பிறகு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இன்னொன்று. ஆகரை, அதாவது மண்ணைத் துளைத்து எடுக்கும் திருகுக் கம்பியை, திருகி இறக்கும்போது செம்மஞ்சளாக வந்த மண் திடீரென்று சாம்பல் பச்சையாக மாறினால் அங்கேயே நிறுத்தி எடு. ஒவ்வொரு டேங்கின் இரண்டு முனையும், எண்ணெய் ஊற்றிய வாய் இருந்த இடமும், பம்பு நின்ற மேடையும், நடுவில் பைப் ஓடிய பாதையும் விடக் கூடாது. மேற்கு மூலையில் டேங்கை விட்டுத் தள்ளி ஒரு குழி ஒப்பிட்டுப் பார்க்க வேணும். கடற்கரையை ஒட்டி நிலத்தடி நீர் பெரும்பாலும் கிழக்கே ஓடும், ஆனால் அக்கா வீட்டு மோட்டார் தினம் இழுத்தால் அந்தப் பக்கமும் திரும்பியிருக்கும். அங்கேயும் ஒன்று போடு.

2009இல் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வில்லியனூர் பக்கம் ஒரு பழைய லாரி ஷெட், சித்திரை வெயில். மண்ணை பாலித்தீன் கவரில் அள்ளி, வாயைக் கட்டி, பைக் பெட்டியில் போட்டு, மறுநாள் காலையில்தான் ஆய்வகத்தில் கொடுத்தேன். குழியில் மூக்கைத் துளைத்த வாடை கவரைத் திறந்தபோது இல்லை. ரிப்போர்ட்டில் பென்சீன், அதாவது பெட்ரோலில் இருக்கும் விஷப் பொருள், இல்லை என்று வந்தது. அந்தக் குடும்பம் அதை நம்பி வீடு கட்டி போர் போட்டது. மூன்றாம் மாதம் அந்த வீட்டம்மா என்னை வரச்சொல்லி, ஒரு வாளித் தண்ணீரை முன்னால் வைத்து, 'மோந்து பாருப்பா' என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், எடுக்கும் முறைதான் முக்கியம். மண் வெளியே வந்த நிமிஷமே, முனை வெட்டிய சிரிஞ்சால் குத்தி ஐந்து கிராம் எடுத்து, மெத்தனால் ஊற்றிய கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடணும். எடை போட்ட குப்பியை ஆய்வகமே தரும். டீசலுக்கும் ஈயத்துக்கும் தனியாகக் கண்ணாடி ஜாடியில் காற்றுக்கு இடமில்லாமல் வாய்வரை அமுக்கு. எல்லாம் உடனே ஐஸ் பெட்டிக்குள், 4 டிகிரி. இரண்டு குழி மண்ணை ஒன்றாகக் கலக்காதே, கலக்கும்போதே ஆவி போய்விடும்.

ஆய்வகத்தில் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கும் கேள். மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பனை பெட்ரோல் வரிசை, டீசல் வரிசை என்று பிரித்துக் கேள். பழைய கசிவில் பென்சீன் போயிருக்கும், டீசல் தங்கியிருக்கும். நாஃப்தலீனும் சேர்த்துக்கொள். 2000 பிப்ரவரி வரை நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்றார்கள், உன் பங்க் அதற்கு முந்தியது, அதனால் ஈயம் கட்டாயம். ஆய்வகங்களைச் சோதித்து அங்கீகரிக்கும் அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, இந்தச் சோதனைகள் மண்ணுக்கென்று அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்.

தேவனாம்பட்டினம் சிவில்:
ஆகர் அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்று. பங்குக்கு லைசென்ஸ் கொடுக்கும்போது பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) ஒப்புதல் தந்த வரைபடம் இருக்கும், டேங்க் எங்கே புதைந்திருந்தது என்பது அதில் அளவோடு இருக்கும். விற்பவரிடம் அதைக் கேளுங்கள். டேங்கை எடுக்கும் முன் உள்ளே ஆவி இல்லை என்று கொடுத்த சான்றையும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் டேங்க் இன்னும் உள்ளேயே கிடக்கிறது என்று நினைத்துத்தான் தோண்டணும். குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம்.

மஞ்சக்குப்பம்வாசி:
ரொம்ப நன்றி. இன்று அக்கா கிணற்றைப் பார்த்தேன். தண்ணீர் மேலே வானவில் மாதிரி மினுக்குகிறது. பெட்ரோல்தானா?

அரியாங்குப்பம் ஆகர்:
நம் பக்கம் மண்ணில் இரும்பு அதிகம். இரும்பைத் தின்னும் பாக்டீரியாவும் அதே மாதிரி படலம் கட்டும். குச்சியால் கலைத்துப் பார். கண்ணாடி உடைந்த மாதிரி துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் பாக்டீரியா. சுழன்று வந்து மறுபடி ஒன்று சேர்ந்தால் எண்ணெய். எதுவானாலும் அந்தத் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்பு. குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த அளவை எந்த மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

மஞ்சக்குப்பம்வாசி:
வாளியில் எடுத்துக் கலைத்தேன் அண்ணா. ஒன்று சேர்ந்துவிட்டது. அக்காவை இன்றிலிருந்து கேன் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. வரைபடம் கேட்டிருக்கிறேன்.

அரியாங்குப்பம் ஆகர்:
வரைபடம் கையில் வந்ததும் சொல். வெயில் ஏறும் முன் ஆறரைக்கு வந்துவிடுகிறேன். ஐஸ் மட்டும் முந்தின ராத்திரியே வாங்கி வை.